ஏற்காட்டில் வீட்டு நீச்சல் குளத்தைக் கோடைக்குத் திறப்பது: முதல் தடவை செய்பவர்களுக்கு

ஐப்பசியில் மழை பிடித்ததும் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, மாசியில்தான் மறுபடி குளத்தின் பக்கம் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். மலைமேல் வீடு வாங்கும்போது குளமும் சேர்ந்தே வந்தது, போன வருஷம் வரை பழைய வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார், இந்த வருஷம் நம் தலையில் விழுந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இணையத்தில் தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை தண்ணீர் உறைந்துபோகும் நாடுகளுக்கானவை. குழாய்க்குள் இருக்கும் தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்று, உறையாமலிருக்க மருந்து ஊற்று, அடைப்பைக் கழற்று என்று போகும். நமக்கு அது ஒன்றும் தேவையில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரியில் 12, 13 டிகிரி வரை இறங்கும், அவ்வளவுதான். இங்கே குளத்தைக் கெடுப்பது மழையும் சருகும் நாலு மாதம் யாரும் எட்டிப் பார்க்காததும். அதனால் வேலையின் வரிசையும் வேறு: முதலில் குப்பை, அப்புறம் மோட்டாரும் ஃபில்டரும், அப்புறம் பிரஷ், அப்புறம் தண்ணீரின் அளவுகள், கடைசியில் குளோரின். ஆனால் எல்லாரும் முதலில் ஓடுவது குளோரின் வாங்கத்தான். சருகு ஊறிக் கிடக்கும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் அது சருகோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், பாசி அப்படியே இருக்கும், காசுதான் போகும்.

எப்போது தொடங்குவது? பிப்ரவரி கடைசி வாரம் நல்லது. தண்ணீர் ஜில்லென்று இருக்கும்வரை பாசி மெதுவாகத்தான் வளரும். பங்குனி வெயில் ஏறி தண்ணீர் சூடாக ஆரம்பித்தால் இரண்டே நாளில் பச்சை பிடிக்கும். மே மாதக் கோடை விழாவுக்கு உறவுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தால் வேலையும் கூடும், மருந்தும் கூடும், கூப்பிட்டால் ஆளும் கிடைக்காது.

மூடியைத் தூக்குமுன்

தார்ப்பாயை ஒரேயடியாக இழுக்காதீர்கள். அதன்மேல் மழைத்தண்ணீர் தேங்கி, சில்வர் ஓக் சருகு மக்கி, கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். இழுத்தால் அத்தனையும் குளத்துக்குள் போகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், அதனால் இந்தத் தண்ணீரை முதலில் சின்ன பம்ப் வைத்தோ வாளியாலோ எடுத்து வெறும் மண்ணில் கொட்டிவிடுங்கள். சருகை வாரியபின் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, மடித்து மடித்து எடுங்கள். கையில் உறை, காலில் பூட்ஸ் கண்டிப்பாக. தார்ப்பாய் மடிப்பிலும், மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளக் குளத்தின் ஓரச் சுவரில் வைத்திருக்கும் ஸ்கிம்மர் பெட்டிக்குள்ளும், மோட்டார் அறையிலும் பாம்போ தேளோ சுருண்டு கிடக்கலாம். ஸ்கிம்மர் மூடியைக் கம்பால் நெம்பித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விட வேண்டும். காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் இதில் விளையாட்டே வேண்டாம்.

மூடி எடுத்ததும் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தால் பயந்துவிடாதீர்கள். சருகிலிருந்து இறங்கிய சாறு அது, பின்னால் குளோரின் போடும்போது வெளுத்துவிடும். பச்சையாக இருந்தால் பாசி. அதுவும் சரியாகிவிடும், கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும். எந்த நிறத்தில் இருந்தாலும் அடுத்து நான் சொல்வது மாறாது.

முழுசாக வற்றவிடாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அழுக்குத் தண்ணீரைப் பார்த்ததும் எல்லாத்தையும் இறைத்துவிட்டுப் புதுசா நிரப்பிடலாம் என்று யாராவது ஒருத்தர் சொல்வார், கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும், மண்ணுக்குள் ஈரம் நிறைந்திருக்கும், மலைச்சரிவில் எந்தப் பக்கம் ஊற்று ஓடுகிறதென்று நமக்குத் தெரியாது. குளத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். உள்ளே காலியானதும் அடியிலிருந்து தண்ணீர் தள்ளி, சிமெண்ட் தளம் விரியலாம், டைல்ஸ் பெயரலாம், ஃபைபர் குளமாக இருந்தால் மொத்தமாகவே மேலே எழும்பிவிடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மருந்துச் செலவு ஒன்றுமே இல்லை. மேலும் மலைமேல் ஒரு குளம் நிறையத் தண்ணீர் வேண்டுமென்றால் கோடையில் அதை எங்கிருந்து கொண்டுவருவது? வற்றவைத்தே ஆகவேண்டும் என்ற நிலை, அதாவது விரிசல், கசிவு என்றால் அதைக் குளம் கட்டித் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுத்தான் செய்ய வேண்டும். மற்றபடி மூன்றில் ஒரு பங்கை மாற்றினாலே போதும்.

வாரும் வேலை

நீளக் கம்பு வலை, ஆழமான பை வைத்தது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேலே மிதப்பதை எடுக்கும் தட்டை வலை அடியில் கிடக்கும் சருகுக்கு உதவாது. அடியில் மெதுவாக இழுத்து, தூக்கி, கொட்டி, அரைமணி விட்டு மறுபடி. கலக்கினால் வண்டல் எழும்பி ஒன்றும் தெரியாமல் போகும், அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க இதற்கே போகலாம், போகட்டும். சருகு இருக்கும்போது மோட்டாரைப் போட்டால் அடிக்குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அடைப்பெடுக்க ஆள் தேட வேண்டும். வாரிய சருகைத் தோட்டத்து எருக்குழியில் போட்டுவிடலாம், இதுவரை மருந்து எதுவும் படவில்லையே.

தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்துக்கு இருக்க வேண்டும். குறைந்திருந்தால் இப்போதே நிரப்புங்கள். மட்டம் கீழே இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும்.

மின்சாரம், மோட்டார், ஃபில்டர்

முதலில் எலெக்ட்ரீஷியன். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நாலு மாத ஈரத்தில் மோட்டார் அறையில் ஒயரை எலி கடித்திருக்கும், இணைப்புகளில் துரு ஏறியிருக்கும். எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குளத்துக்குள் விளக்கு இருந்தால் அதையும். இது முடியும்வரை யாரும் தண்ணீரில் கால்கூட வைக்க வேண்டாம்.

அடுத்தது பம்ப். முன்பக்கம் கண்ணாடி மூடி போட்ட கூடை ஒன்று இருக்கும். மெயினை அணைத்துவிட்டு அதைத் திறந்து, கூடையைக் கழுவி, மூடியின் ரப்பர் வளையத்தில் விரிசல் இல்லையென்று பார்த்து, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். வாகன கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி மூடினால்தான் மோட்டார் இழுக்கும். போட்ட சில நிமிஷத்துக்குள் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறையாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். வெறுமனே ஓடினால் சீல் எரிந்துவிடும். பெரும்பாலும் மூடி சரியாக உட்காராததோ இழுக்கும் பக்கத்துக் குழாயில் எங்கோ காற்று நுழைவதோதான் காரணமாக இருக்கும்.

நம் பக்கம் வீட்டுக் குளங்களில் இருப்பது அநேகமாக சாண்ட் ஃபில்டர். அதன் தலையில் கைப்பிடி வைத்த வால்வு ஒன்று, ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட் என்று எழுதியிருக்கும். பேக்வாஷ் என்றால் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலில் பிடித்த அழுக்கை வெளியேற்றுவது, ரின்ஸ் என்றால் அதன்பின் மணலை அலசுவது, வேஸ்ட் என்றால் மணல் வழியாகப் போகாமல் தண்ணீரை நேராக வெளியே விடுவது. இந்தக் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது திருப்பவே கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். முதலில் பேக்வாஷில் வைத்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெளியும்வரை ஓட்டுங்கள், அணையுங்கள், ரின்ஸில் ஒரு நிமிஷம், அணையுங்கள், அப்புறம் ஃபில்டர். அப்போது பிரஷர் மீட்டர் காட்டும் எண்ணைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். பின்னால் அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால் மறுபடி பேக்வாஷ் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். குளத்துக்குள் மணல் வந்து விழுந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, தண்ணீர் தெளியவே மாட்டேன் என்றால் மணல் கெட்டியாகி மாற்ற வேண்டிய காலம் வந்திருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு மேல் மாற்றாத மணல் என்றால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது.

இந்த முதல் பேக்வாஷ் தண்ணீரில் சேறு மட்டும்தான், மண்ணில் விடலாம். குளோரின் போட்டபின் வரும் தண்ணீரை மட்டும் ஓடைப் பக்கமும் காப்பி, மிளகு வேர்ப்பக்கமும் விடாதீர்கள். மலையில் நம் வீட்டு ஓடைத்தண்ணீர் கீழ்வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகும்.

பிரஷ்

சுவர், படிக்கட்டு, ஏணிக்குப் பின்னால், மூலை என்று ஒரு இடம் விடாமல் தேய்க்க வேண்டும். சிமெண்ட் குளத்துக்குக் கெட்டி நைலான் பிரஷ், ஃபைபருக்கு மென்மையானது. பாசியின் மேல்பக்கம் வழவழவென்று ஒரு படலம் இருக்கும், அதைக் கிழித்தால்தான் குளோரின் உள்ளே போகும். ஆகையால் குளோரின் போடுவதற்கு முன்னாலும் தேய்க்க வேண்டும், போட்டபின் தினமும் தேய்க்க வேண்டும். தோள் வலிக்கும்.

குளத்தில் எத்தனை லிட்டர்?

இது தெரியாமல் மருந்து போட முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 24 அடிக்கு 12 அடி, ஆழம் ஒரு பக்கம் 3, மறு பக்கம் 5 என்றால் சராசரி 4. பெருக்கினால் 1,152 கன அடி, சுமார் 32,600 லிட்டர். கீழே இந்தக் குளத்தையே வைத்துக் கணக்குச் சொல்கிறேன்.

சோதனைப் பெட்டி வாங்கும்போது குளோரினுக்கு மஞ்சள் நிறம் காட்டுவதைவிட இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. வகையை வாங்குங்கள். மஞ்சள் வகை, அழுக்கோடு சேர்ந்து வேலைக்கு ஆகாமல் கிடக்கும் குளோரினையும் சேர்த்தே காட்டும். நமக்கு வேண்டியது கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு என்பது. மோட்டார் ஒரு நாள் ஓடியபின், முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துப் பாருங்கள்.

வரிசையாகப் போங்கள், முதலில் காரத்தன்மை, அதாவது பி.எச். ஆடாமல் பிடித்துவைக்கும் உப்புகளின் அளவு. 80 முதல் 120 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை இருக்க வேண்டும். மழை விழுந்து விழுந்து நீர்த்துப்போன மலைக்குளங்களில் இது பெரும்பாலும் குறைந்திருக்கும், குறைந்தால் பி.எச். ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும். இதை ஏற்ற அடுப்படிச் சோடா உப்பு போதும், ஆப்பத்துக்குப் போடுவோமே அதேதான். 10,000 லிட்டருக்கு 170 கிராம் போட்டால் 10 பி.பி.எம். ஏறும். நம் உதாரணக் குளத்தில் 50-லிருந்து 90-க்குக் கொண்டுவர சுமார் 2.2 கிலோ. மூட்டையாக வாங்கினால் மலிவு. மொத்தத்தையும் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம் பி.எச்., தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். 7.2 முதல் 7.6 வரை வையுங்கள். 7.5-ல் குளோரினில் பாதிதான் வீரியமாக வேலை செய்யும், 8-க்குப் போனால் கால்வாசிகூடத் தேறாது. இதைச் சரிசெய்யாமல் குளோரின் கொட்டுபவர்கள் பாதிக்கு மேல் வீணாக்குகிறார்கள். பி.எச். அதிகமென்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 10,000 லிட்டருக்கு 100 மில்லி மட்டும், ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஆழமான பக்கம் சுற்றி ஊற்றி, நாலு மணி நேரம் மோட்டார் ஓட்டி மறுபடி அளந்து பார்த்துப் போடுங்கள். குறைவென்றால் சலவைச் சோடா, அதுவும் 10,000 லிட்டருக்கு 50, 60 கிராமாக.

சேலத்தில், அடிவாரம், கன்னங்குறிச்சி பக்கம் தோட்ட வீட்டில் குளம் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம். குழாயிலும் பாத்திரத்திலும் வெள்ளையாகப் படியும் அதே உப்பு டைல்ஸிலும் ஃபில்டர் மணலிலும் படியும். கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். வரை இருந்தால் சரி, அதற்கு மேல் போனால் பி.எச்.சை 7.2 பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், கால்சியம் சேர்ந்த குளோரின் தூளைத் தவிர்த்துத் திரவக் குளோரின் பயன்படுத்துங்கள். மலைமேல் மென்மையான தண்ணீர் என்றால் அந்தத் தூளே நல்லது, கொஞ்சம் கால்சியம் சேரட்டும். சேராவிட்டால் தண்ணீர் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சிமெண்ட் பூச்சிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

குளோரின்

கடைகளில் கிடைப்பது நாலு வகை. கால்சியம் ஹைப்போ தூள், 65 சதவீதம். திரவமான சோடியம் ஹைப்போ, 10 சதவீதம் பக்கம். பஞ்சாயத்தில் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர், புதுசாக இருந்தால் 30 சதவீதத்துக்கு மேல். டி.சி.சி.ஏ. என்ற மாத்திரை, 90 சதவீதம்.

திறக்கும் நாளில் போடும் பெரிய அளவுக்கு முதல் இரண்டில் ஒன்று. 10 பி.பி.எம். ஏற்ற, 10,000 லிட்டருக்குத் தூள் என்றால் 155 கிராம், திரவம் என்றால் ஒரு லிட்டர். உதாரணக் குளத்துக்கு அரைக்கிலோ தூள் அல்லது மூன்றேகால் லிட்டர் திரவம். பிளீச்சிங் பவுடரும் வேலை செய்யும், ஆனால் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குளம் பால் மாதிரி ஆகிவிடும். திரவம் வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், அதனால் கடையில் எப்போது வந்த சரக்கென்று கேட்டு வாங்குங்கள். மாத்திரை பிற்பாடு அன்றாடத்துக்கு.

எப்போதும் பொழுது சாய்ந்தபின் போடுங்கள். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். வாளியில் முதலில் தண்ணீர், அதில் மருந்து. மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடட்டும்.

இப்போது உயிர் போகும் விஷயம் இரண்டு. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு வரும். கால்சியம் ஹைப்போவும் டி.சி.சி.ஏ.-வும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளாதீர்கள், ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக அடுக்காதீர்கள். சேலத்தில் வாங்கி காரில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருபவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் டிக்கியில் இருக்கும் கேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். ஆசிட்டை ஒரு தடவை, குளோரினை இன்னொரு தடவை கொண்டுவாருங்கள். கேனை நிமிர்த்திக் கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாம்.

மறுநாள் காலையில் பாருங்கள். பச்சை போய்ச் சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் பாசி செத்திருக்கிறது, ஃபில்டர் ஓட ஓடத் தெளியும், பிரஷர் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ். பச்சையாகவே இருந்தால் அன்று சாயங்காலம் தேய்த்துவிட்டு மறுபடி அதே அளவு. முடிந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: ராத்திரி இருட்டியபின் குளோரினை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், விடிந்து வெயில் படுமுன் மறுபடி அளவுங்கள். ஒரு பி.பி.எம்.-க்குள் குறைந்திருந்தால் உள்ளே தின்ன ஒன்றும் இல்லை. அதற்கு மேல் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் பாசி இன்னும் இருக்கிறது.

குளோரின் போட்டதும் தண்ணீர் திடீரென்று செம்பழுப்பாக மாறினால் அது பாசி இல்லை, போர் தண்ணீரில் இருந்த இரும்பு. மேலே மேலே குளோரின் போடாமல் ஃபில்டரை ஓட்டுங்கள், வண்டலாகப் படிவதை உறிஞ்சி வேஸ்ட் வழியாக வெளியேற்றுங்கள். நாலைந்து நாளாகியும் மங்கலாகவே இருந்தால் படிகாரம் கரைத்துப் போட்டு, மோட்டாரை நிறுத்தி ஒரு ராத்திரி விட்டால் எல்லாம் அடியில் உட்காரும். அதையும் ஃபில்டருக்குள் விடாமல் நேராக வேஸ்டில்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மணல் அடைத்துக்கொள்ளும். படிகாரம் பி.எச்.சை இறக்கும், அப்புறம் அளந்து பாருங்கள்.

எப்போது இறங்கலாம்?

ஆழமான பக்கத்தில் அடி வடிகாலின் ஓட்டை மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரின் 1 முதல் 3-க்குள் இறங்கியிருக்க வேண்டும், பி.எச். சரியாக இருக்க வேண்டும். அடி தெரியாத குளத்தில் ஒரு பிள்ளை மூழ்கினால் யாருக்கும் தெரியாது என்பதால்தான் அந்த முதல் நிபந்தனை. வடிகாலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், தளர்ந்திருந்தால் முடியையோ கையையோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுற்றுவேலியும் பூட்டும் சரியாக இல்லையென்றால் அது முடியும்வரை திறப்பைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் அதற்குள் கெட்டுவிடாது.

கண் எரிகிறது, குளோரின் நெடி தூக்குகிறது என்றால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். அநேகமாக அது குறைவாக இருப்பதன் அடையாளம். வேர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்த குளோரின்தான் அப்படி நாறும். குளிக்க இறங்குமுன் எல்லாரையும் ஒரு செம்புத் தண்ணீராவது ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், பாதித் தொல்லை குறையும்.

திறந்தபின் தினம் எட்டு மணி நேரம் மோட்டார், வாரம் இரண்டு முறை சோதனை. வெயிலில் குளோரின் நிற்க ஸ்டெபிலைசர் (சயனூரிக் ஆசிட்) 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் போதும். டி.சி.சி.ஏ. மாத்திரையில் அது தானாகவே சேர்ந்துகொண்டே போகும், கூடிவிட்டால் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை, அதனால் கோடை முழுக்க மாத்திரையை மட்டும் நம்பாமல் இடையிடையே திரவத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். காப்பி பூக்கும் சமயத்தில் வரும் மழை ஒன்று நன்றாகப் பெய்தால், மறுநாளே சருகை வாரிவிட்டுக் காரத்தன்மையை ஒரு தடவை அளந்துவிடுங்கள்.